பதில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது

கேள்வி இது: "ஐந்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்ததற்காக என்னை டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள். எனக்குக் கீழே ஏழு பேர். 'இனிமேல் வேலை வாங்கினால் மட்டும் போதாது, கோச்சாகவும் இருக்க வேண்டும்' என்று மேலே சொல்கிறார்கள். அதற்கு என்னென்ன திறமை வேண்டும், அதை எப்படி வளர்த்துக்கொள்வது? சான்றிதழ் படிப்பு ஏதாவது படிக்க வேண்டுமா? அப்புறம், டீமில் ஒருவர் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அவருக்கு நான் என்ன கோச்சிங் கொடுப்பது?"

கடைசிக் கேள்விதான் இதில் சுவாரசியமானது. அதைக் கடைசியிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்லில் ஒரு குழப்பம். கோச்சிங் என்றதும் நம் மனதில் டியூஷன் வகுப்பு வந்துவிடுகிறது. தெரிந்தவர் பலகை முன்னால் நிற்பார், தெரியாதவர் எழுதிக்கொள்வார். அலுவலகத்தில் சொல்கிற கோச்சிங் கிட்டத்தட்ட இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. தெரியாததைக் கற்றுக்கொடுத்தால் அது பயிற்சி. உங்கள் அனுபவத்திலிருந்து வழி சொன்னால் அது மென்டரிங். இதை இந்தத் தேதிக்குள் முடியுங்கள் என்றால் அது மேனேஜர் வேலை. எதிரில் இருப்பவர் தன் சிக்கலைத் தானே யோசித்து, தன் வழியைத் தானே கண்டுபிடித்து, அதைச் செய்து முடிக்கும்வரை நீங்கள் கூட உட்கார்ந்து யோசிக்க வைத்தால் அதுதான் கோச்சிங். ஒரு டீம் லீட் ஒரே நாளில் இந்த நான்கையும் செய்ய வேண்டிவரும். எப்போது எதைச் செய்கிறோம் என்ற தெளிவு இருந்தால் போதும், பாதித் தலைவலி குறைந்துவிடும்.

இந்த யோசனை அலுவலகத்துக்கு வந்ததே விளையாட்டு மைதானத்திலிருந்துதான். 1970களில் திமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர் ஒன்றைக் கவனித்தார். "மட்டையை இப்படிப் பிடி, முழங்காலை மடக்கு" என்று அறிவுரை கூடக் கூட ஆட்டம் கெட்டது. அறிவுரையை நிறுத்திவிட்டு, பந்து தரையில் துள்ளும் கணத்திலும் மட்டையில் படும் கணத்திலும் அதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கவனம் முழுக்கப் பந்தின் மேல் போனது, உடம்பு தன்னால் சரியாக ஆடத் தொடங்கியது. ஒருவருடைய ஆற்றலிலிருந்து அவருக்குள் நடக்கும் குறுக்கீட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வெளியே தெரியும் திறன் என்று அவர் கணக்குப் போட்டார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இதை நிறுவனங்களுக்குள் கொண்டு வந்தார். அறிவை ஏற்றுவதை விட்டுக் குறுக்கீட்டைக் குறைப்பதுதான் கோச்சின் வேலை என்ற எண்ணத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

சரி, இதில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கும் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். எந்தக் குணத்துக்காக உங்களை டீம் லீட் ஆக்கினார்களோ, அதே குணம்தான் இங்கே காலை வாரும். ஐந்து வருடமாக யார் எந்தச் சிக்கலோடு வந்தாலும் டக்கென்று பதில் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் பெயர் எடுத்தீர்கள். இப்போது அந்தப் பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும்போது விழுங்க வேண்டும். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் ஆகிய இருவரும் இதைத் தனியாகப் பெயர் வைத்தே பேசினார்கள். தவறாகப் போகும் ஒன்றைப் பார்த்ததும் உடனே சரிசெய்துவிடத் துடிக்கும் அனிச்சைச் செயல் அது. நல்ல எண்ணத்தில்தான் வருகிறது. ஆனால் மாறச் சொல்லி நீங்கள் வாதாட ஆரம்பித்தால், ஏன் மாற முடியாது என்று எதிரில் இருப்பவர் வாதாட ஆரம்பித்துவிடுவார். தன் வாயால் சொன்ன காரணத்தைத்தான் மனிதன் நம்புவான். ஆக, மாறாமலிருக்க அவருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். மேனேஜராகி இரண்டு வருடம் ஆன சமயம். நான் அருமையான கோச் என்று எனக்கு ஒரு நினைப்பு. பயிற்சிக்காக ஓர் உரையாடலை, எதிரில் இருந்தவரின் சம்மதத்தோடு, பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டேன். முப்பது நிமிடப் பேச்சு. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் இருபத்தோரு நிமிடம் நான் பேசியிருக்கிறேன். அவர் வாக்கியத்தை அவர் முடிப்பதற்கு முன் நான் முடித்து வைத்தது பதினொரு முறை. அதில் நான்கு முறை தப்பாக முடித்து வைத்திருக்கிறேன், அவர் மரியாதைக்கு "ஆமா மேடம்" என்றிருக்கிறார். அந்த ஒலிப்பதிவைவிடப் பெரிய பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. அதைக் கேட்ட அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே முதல் திறமை மௌனம். கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள், உயிர் போகும். 10 மொழிகளில் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவிலான இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. கண்ணிமைக்கும் நேரம். அதனால் இரண்டு வினாடி யாரும் பேசாவிட்டாலே ஏதோ தப்பு நடந்த மாதிரி நமக்குக் கூசுகிறது, எதையாவது போட்டு நிரப்பிவிடுகிறோம். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். அவர் சொன்ன இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: கேள்விக்குப் பிறகு காத்திருப்பது ஒன்று, பதில் வந்த பிறகும் காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவது மௌனத்தில்தான் சரக்கு இருக்கிறது. முதலில் வருவது எல்லோருக்கும் சொல்லும் பதில். நீங்கள் உடனே பாயாமல் இருந்தால் அதற்கடுத்து நிஜமான பதில் வரும்.

கிட்டத்தில் காட்டுகிறேன். மாத அறிக்கை மூன்று மாதமாகத் தாமதம். அதைத் தயாரிப்பவர் என் முன்னால் உட்கார்ந்தார்.

"மத்த டிபார்ட்மென்ட்ல இருந்து நம்பர்ஸ் நேரத்துக்கு வர மாட்டேங்குது மேடம்."

எனக்குப் பதில் தயார்: எல்லோரும் நிரப்புகிற மாதிரி ஒரு பொதுக் கோப்பு. சொல்லவில்லை.

"யார்கிட்ட இருந்து வரல?"

"எல்லார்கிட்ட இருந்தும்தான்."

மேசை மேல் என் பேனா கிடந்தது. அதை எடுக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"எல்லாரும்னு சொல்ல முடியாது. ரெண்டு பேர். அதுலயும் ஒருத்தர்தான் எப்பவும்."

"எப்பவும் ஒருத்தர்."

"ஆமா. அவர்கிட்ட கேக்கவே ஒரு மாதிரி இருக்கு மேடம். போன வருஷம் ஒரு தடவை எல்லார் முன்னாடியும் கத்திட்டார். அதனால மெயில் ஒண்ணு போட்டுட்டு விட்டுடுவேன். ஞாபகப்படுத்த மாட்டேன்."

பொதுக் கோப்பு யோசனையை முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால், "சரி மேடம்" என்று வாங்கிக்கொண்டு போயிருப்பார். கோப்பையும் திறந்திருப்பார். அந்த ஒருவர் அதையும் நிரப்பியிருக்க மாட்டார். கோளாறு இருந்தது போனை எடுக்கத் தயங்கிய கையில். அது வெளியே வர நான் செய்ததெல்லாம் ஒரு கேள்வி, ஒரு மௌனம், அவர் சொன்ன இரண்டு சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னது.

அந்தத் திருப்பிச் சொல்வதுதான் இரண்டாவது திறமை. கிளிப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் சொல்லக் கூடாது, எரிச்சல் வரும். கனமான சொல்லைப் பிடித்து அதை மட்டும் மெல்லத் திரும்ப வைக்க வேண்டும். சில நேரம் அவர் சொல்லாமல் விட்டதையும் ஊகமாக வைக்கலாம்: "வேலையைவிட அவர்கிட்ட பேசறதுதான் பாரமா இருக்கு போல." தப்பாக இருந்தால் அவர் திருத்துவார், திருத்துவதும் லாபம்தான். மில்லர், ரோல்னிக் மரபில் பயிற்சி பெறுபவர்களின் உரையாடலை மதிப்பிடும்போது, ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்பு, அதாவது இப்படித் திருப்பிச் சொல்வது, இருந்தால் நல்லது என்று வைத்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலானோருக்கு இந்த விகிதம் தலைகீழ், அல்லது பிரதிபலிப்பே கிடையாது. கேள்வி மேல் கேள்வி வந்து விழுந்தால் எதிரில் இருப்பவருக்கு விசாரணைக் கமிஷன் முன் நிற்கிற உணர்வுதான் வரும்.

கேள்வி கேட்பது மூன்றாவது. இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே சில கண்ணிகள் இருக்கின்றன, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடப் பொருட்களில் இவை வராது. நம் வாக்கியங்களின் வாலைக் கவனியுங்கள். "அவர்கிட்ட நேரா பேசிப் பாக்கலாமே?" இது கேள்விக்குறி ஒட்டிய அறிவுரை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" இது கேள்விக்குறி ஒட்டிய திட்டு. "இதுல உங்க பக்கமும் தப்பு இருக்குதானே?" இது தீர்ப்பு. லாமே, லாம்ல, தானே, இல்லையா என்று முடியும் எதுவும் பெரும்பாலும் கேள்வியே கிடையாது. ஒரு முறை என் டீமில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க பதிலைத்தான் மேடம் சொன்னீங்க, கடைசியில கொஞ்சம் இழுத்தீங்க." அன்றிலிருந்து வாலைப் பார்த்துப் பேசுகிறேன்.

'ஏன்' என்ற சொல்லும் அப்படியே. "ஏன் முடிக்கல?" என்று கேட்டால் நம் மொழியில் அதற்குப் பொருள் 'முடித்திருக்க வேண்டும்' என்பதுதான். சிறு வயதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நம் உடம்பே சாக்குச் சொல்லத் தயாராகிவிடும். "எது தடுத்துச்சு?", "எந்த இடத்துல நின்னுச்சு?" என்று மாற்றிக் கேளுங்கள். தகவல் அதேதான், வருகிற பதில் வேறு. மற்றபடி கேள்விகளின் பட்டியலை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டாம். 'சக்திவாய்ந்த 50 கேள்விகள்' என்ற ரகப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. அடுத்து எந்தக் கேள்வி என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆள் காது கொடுத்துக் கேட்க மாட்டார். சந்தேகம் வந்தால் "அப்புறம்?" போதும். தமிழில் இதைவிட நல்ல கோச்சிங் கேள்வி இல்லை.

உரையாடலுக்கு ஒரு எலும்புக்கூடு வேண்டும் என்பவர்களுக்கு விட்மோர் பரப்பிய க்ரோ முறை இருக்கிறது. 1992 வாக்கில் பிரபலமானது. நான்கு படி: எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழிகள், எதைச் செய்யப் போகிறோம். எல்லோரும் சறுக்குவது இரண்டாவது படியில். இலக்கைக் கேட்டதும் வழிக்குத் தாவிவிடுகிறார்கள். நிலவரத்தை விரித்துப் பார்க்கவே பாதி நேரம் போகட்டும், வழி தானாகத் தெரிய ஆரம்பிக்கும். மூன்றாவது படியில் ஒரே ஒரு வழியோடு நின்றுவிடாதீர்கள். "வேற?" என்று இரண்டு முறையாவது கேட்டால், முதலில் சொன்னதைவிட நல்லதாக ஒன்று பெரும்பாலும் வந்து விழும். வரிசை மாறினாலும் குடி முழுகாது. இதை ஒரு படிவமாக அச்சடித்து, கையில் வைத்து நிரப்பிக்கொண்டு பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம் மாதிரி இருக்கும்.

கடைசிப் படியில் ஒரு சின்ன விஷயம். "செய்றேன் மேடம்" என்று எழுந்துவிடுவார்கள். அங்கே விட்டுவிடக் கூடாது. "செய்வீங்கன்னு பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேளுங்கள். ஆறு என்கிறார் என்று வையுங்கள். ஏன் பத்து இல்லை என்று கேட்டால் தடைகளின் பட்டியல் வரும். "மூணு போடாம ஆறு போட்டீங்க, எதனால?" என்று கேட்டால் செய்வதற்கான காரணங்களை அவரே அடுக்குவார். அதோடு 'எப்போது, எங்கே' என்பதையும் கட்டிவிடுங்கள். "பேசிப் பாக்கறேன்" என்பதைவிட "25ஆம் தேதி காலையில மெயில் வரலைன்னா, பதினொரு மணிக்கு நேர்ல போய்க் கேப்பேன்" என்பது வேலைக்கு ஆகும். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்ற இந்த வடிவத்தைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் எண்ணத்தோடு நிற்பவர்களைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் தெளிவாகவே அதிகம் செய்து முடித்திருந்தார்கள். இத்தனைக்கும் ஒரு வாக்கியம்தான்.

ஃபீட்பேக் பற்றி. கோச்சிங் என்றால் எப்போதும் கேள்விதான், கருத்தே சொல்லக் கூடாது என்று சிலர் பாடம் நடத்துகிறார்கள். அது போலித்தனம். நீங்கள் பார்த்ததை அவர் பார்த்திருக்க முடியாது என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் ஃபீட்பேக் குறித்த ஏராளமான சோதனைகளைத் தொகுத்தார்கள். சராசரியாகப் பயன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சோதனை முடிவுகளில் ஃபீட்பேக் கொடுத்தபின் திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் மேல் போகும்போதுதான் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வசைக்கு மட்டுமல்ல, புகழ்ச்சிக்கும் இது பொருந்தும். ஆகவே "நீங்க பொறுப்பில்லாம இருக்கீங்க" என்பதும் "நீங்க சூப்பர்" என்பதும் ஒரே தட்டு. எந்த இடம், என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து கிளையன்ட் மீட்டிங்ல அவங்க ரெண்டாவது கேள்வி கேக்கும்போது நீங்க லேப்டாப் பாத்துட்டிருந்தீங்க. அவங்க கேள்வியப் பாதியில நிறுத்திட்டு என்னப் பாத்தாங்க." அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று சாண்ட்விச் செய்வதை விட்டுவிடுங்கள். நாளடைவில் நீங்கள் பாராட்ட வாயைத் திறந்தாலே அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பயப்படுவார்கள்.

எப்போது கோச்சிங் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வதும் திறமைதான். நேற்றுச் சேர்ந்தவரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பது கொடுமை. அவருக்கு வேலை தெரியாது, சொல்லிக்கொடுங்கள். சர்வர் விழுந்து கிடக்கும்போது யாரையும் சிந்திக்கத் தூண்ட வேண்டாம். பாதுகாப்பு, சட்டம், நிதி முறைகேடு என்றால் நேரடி உத்தரவு. ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடிவு செய்துவிட்டு அதைக் கோச்சிங் என்று பெயர் மாற்றிச் செய்தால் அந்தச் சொல்லே டீமில் கெட்டுப்போகும். 'உன்னையும் கோச்சிங்குக்குக் கூப்பிட்டாங்களா' என்று கேலி ஓடும். தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற ரீதியில் ஒருவர் பேசினால் அது உங்கள் எல்லை தாண்டியது. அக்கறையோடு கேட்டுக்கொண்டு, மனநல உதவி கிடைக்கும் இடத்துக்குச் சேர்த்துவிடுங்கள். அமெச்சூர் மனநல மருத்துவராக ஆகாதீர்கள்.

இன்னொரு முள், நீங்கள் அவருக்கு அப்ரைசல் எழுதுபவர். வெளியிலிருந்து வரும் கோச்சுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. தன் பலவீனத்தை உங்களிடம் சொன்னால் அது மார்ச் மாத ரேட்டிங்கில் வந்து நிற்குமோ என்று அவர் கணக்குப் போடுவார், போட்டால் அதில் தப்புமில்லை. எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராயப் போனபோது, நன்றாக நடக்கும் குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு குழம்பினார். பிழை அதிகம் நடக்கவில்லை, பிழையைப் பேச அங்கே பயமில்லை என்பது அப்புறம் புரிந்தது. உங்கள் டீமிலும் எல்லோரும் "எல்லாம் ஓகே மேடம்" என்றால் சந்தோஷப்பட வேண்டாம். நான் செய்வது: கோச்சிங் பேச்சையும் அப்ரைசல் பேச்சையும் ஒரே சந்திப்பில் வைப்பதில்லை. தொடக்கத்திலேயே, இதில் எது என்னோடு நிற்கும், எதை நான் மேலே சொல்லியே ஆக வேண்டும் என்று சொல்லிவிடுவேன். சொன்னதை ஒரு முறை மீறினால் முடிந்தது கதை. அடுத்த மூன்று வருடத்துக்கு வானிலை பற்றித்தான் பேசுவார்கள்.

இப்போது எப்படி வளர்ப்பது. சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டீர்கள். சர்வதேச அளவில் அதிகம் பேசப்படும் அமைப்பு, 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு. அதன் முதல் நிலைச் சான்றுக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் கேட்கிறார்கள். அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். உச்ச நிலைக்கு 200 மணி நேரப் பயிற்சி, 2,500 மணி நேர அனுபவம். இந்த எண்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். மேலே போகப் போக வகுப்பு மூன்று மடங்கைச் சற்றே தாண்டுகிறது, அனுபவமோ 25 மடங்கு. கோச்சிங்கையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சான்றிதழ் எடுங்கள். டீம் லீடுக்கு அது அவசியமில்லை. வகுப்புக்குப் போனால் அங்கே ஒருவர் உங்களைக் கவனித்துத் திருத்துவாரா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள். ஸ்லைடு காட்டி முடித்துவிடுகிற வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

வகுப்பில்லாமல் செய்யக்கூடியது இது. உங்களைப் போல் இன்னும் இரண்டு டீம் லீடுகளைப் பிடியுங்கள். மூன்று பேர், வாரம் ஒரு மணி நேரம். ஒருவர் கோச், ஒருவர் தன் சொந்தச் சிக்கலோடு வருபவர், ஒருவர் வேடிக்கை பார்ப்பவர். பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் அலசல், பிறகு இடம் மாற்றம். சிக்கல் நிஜமாக இருக்க வேண்டும், நடிப்புக் கூடாது. நடித்தால் மௌனத்தில் எதுவும் ஊறாது. வேடிக்கை பார்ப்பவரிடம் 'எப்படி இருந்துச்சு' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருந்துச்சு' என்றுதான் சொல்வார். எண்ணச் சொல்லுங்கள்: எத்தனை கேள்வி, அதில் வால் வைத்த அறிவுரை எத்தனை, எத்தனை முறை குறுக்கே பேசினார்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு விஷயம். முதல் இரண்டு வாரம் குறுக்கே பேசாமல் இருப்பது மட்டும். அடுத்த இரண்டு வாரம் பதிலுக்குப் பின் மௌனம். அப்புறம் வால்கள். அப்புறம் திருப்பிச் சொல்வது. வயலின் கலைஞர்களை ஆராய்ந்து 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு எழுதியது இதைத்தான்: ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்து, கருத்துச் சொல்ல ஆள் வைத்து, திரும்பத் திரும்பச் செய்வது. வெறுமனே பத்து வருடம் மீட்டிங் நடத்தியது பயிற்சியில் சேராது. மாதம் ஒருமுறை ஒரு பேச்சைச் சம்மதம் கேட்டுப் பதிவு செய்து கேளுங்கள், வலிக்கும், கேளுங்கள். நீங்களும் யாரிடமாவது கோச்சிங் வாங்குங்கள். "வேற?" என்ற கேள்விக்கு எதிரே உட்கார்ந்தால்தான் அந்தச் சொல் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

தேறுகிறீர்களா என்று எப்படித் தெரியும்? உங்களிடம் வருகிறவர்களின் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் "இப்ப என்ன பண்ணட்டும்?" என்று வருவார்கள். சில மாதம் கழித்து "ரெண்டு வழி யோசிச்சிருக்கேன், ஒண்ணு இடிக்குது" என்று வருவார்கள். அதற்கப்புறம் சிலர் வராமலே முடித்துவிட்டுத் தகவல் மட்டும் சொல்வார்கள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும். தேவைப்படாமல் போவதற்குத்தானே இவ்வளவு பாடு என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி உங்கள் மூத்தவர். அவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று யோசித்தால் உங்களிடம் ஒன்றும் இல்லை, அவருக்கும் அது தெரியும். ஆனால் மேலே சொன்ன எதற்கும் அவரைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. சொல்லப்போனால் உங்களுக்கு இங்கேதான் வேலை எளிது. பதில் தெரியாததால் விழுங்கவும் வேண்டியதில்லை, உங்கள் கேள்விகள் நிஜக் கேள்விகளாக இருக்கும். ஆனால் 'கோச்சிங்' என்ற சொல்லை அவர் முன் எடுக்காதீர்கள். அனுமதி கேளுங்கள். தனியாக, அவர் இருக்கைக்கு நீங்கள் போய், நிஜமாகவே உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். நான் அப்படியொருவரிடம் கேட்டது: "சார், இத்தனை வருஷத்துல இந்த வேலையில உங்களுக்கு இன்னும் சலிப்பு வராத பகுதி எது?" அவர் சிரித்தார். "அதை யாரும் கேட்டதில்லையே" என்றார். பிறகு ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.